அவர் எங்கே பார்க்கிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகம் வரையச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் கண் பாடம் வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். வரைவதில் தொடங்கும் கேள்வி பஸ், மேடை, வீடியோ கால் என்று எங்கெங்கோ போகும். பெற்றோரும் அக்கம்பக்கத்தாரும் கேட்பது ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைச் சார்ந்திருப்பதால் மேலிருந்து படித்துவருவது நல்லது.

ஒருத்தர் எங்கே பார்க்கிறார்னு நமக்கு எப்படி சார் தெரியுது?

முதல் தடயம், கருவிழிக்கு இரு பக்கமும் தெரியும் வெள்ளை. நேராகப் பார்க்கும்போது இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். ஒரு பக்கம் திரும்பினால் அந்தப் பக்கத்து வெள்ளை குறைந்து, எதிர்ப்பக்கம் கூடும். மேலும் கீழும் பார்ப்பதைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இமை. கீழே பார்க்கும்போது மேல் இமையும் கூடவே இறங்கிவிடும். மடியில் புத்தகம் வைத்துப் படிப்பவரைத் தூரத்திலிருந்து பார்த்தால் தூங்குகிறாரோ என்று தோன்றுவது அதனால்தான்.

இரண்டாவது தடயம், தலை. மூன்றாவது பலருக்கும் தோன்றாதது: அந்தத் திசையில் என்ன இருக்கிறது என்பது. சாப்பிட உட்கார்ந்தவரின் கண் போகும் பக்கத்தில் ஊறுகாய் பாட்டில் மட்டும் இருந்தால், 'ஊறுகாயைப் பார்க்கிறார்' என்று முடிவுகட்டிவிடுகிறோம். கண் காட்டியது ஒரு பக்கத்தை மட்டும்தான். ஊறுகாயை நாம் சேர்த்துக்கொண்டோம். மூன்றும் நொடிக்குள் கலந்துவிடுவதால் நேரடியாகக் கண்ட உண்மைபோலவே இருக்கும். ஆனால் அது ஒரு கணிப்பு. நல்ல கணிப்பு, பெரும்பாலும் சரியாக இருக்கும் கணிப்பு, இருந்தாலும் கணிப்புதான். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவை.

அந்தக் கணிப்பு எவ்வளவு துல்லியம்? ஏதாவது கணக்கு இருக்கா?

இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிப்சனும் ஆன் பிக்கும் 1963-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றும் முதலில் பேசப்படுவது. 2 மீட்டர் தூரத்தில் ஒருவரை உட்காரவைத்து, எதிரில் இருப்பவரின் முகத்தையும் அதன் இரு பக்கத்துப் புள்ளிகளையும் மாறிமாறிப் பார்க்கச் சொன்னார்கள். 'என்னைப் பார்க்கிறாரா, இல்லையா' என்று எதிரில் இருப்பவர் சொல்ல வேண்டும். சுமார் 2.8 டிகிரி விலகினாலே வித்தியாசம் தெரிந்துவிட்டது. 2 மீட்டரில் அது ஏறக்குறைய 10 செ.மீ.; மூக்கிலிருந்து அளந்தால் காதைச் சற்றே தாண்டும்.

இதன் அருமை கணக்குப் போட்டால்தான் புரியும். கண் உருண்டையின் விட்டம் சுமார் 24 மி.மீ. அது 2.8 டிகிரி திரும்பினால் கருவிழி அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் நகரும். 2 மீட்டரிலிருந்து பார்க்கும்போது அந்த நகர்வு ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு. கண் டாக்டரின் எழுத்துப் பலகையில் நல்ல பார்வை உள்ளவர் படிக்கும் கடைசி வரிகளில் எழுத்தின் கோடுகள் அந்த அளவில்தான் இருக்கும். அதாவது, நம் கண்ணால் எவ்வளவு சிறிய மாற்றத்தைக் காண முடியுமோ அதன் எல்லை வரைக்கும் அடுத்தவர் பார்வையைப் படிக்கிறோம்.

மனுஷனுக்கு மட்டும்தான் கண்ணுல வெள்ளை இவ்வளவு தெரியுமா?

இவ்வளவு பரப்பு வெளியே தெரிவது மனிதரிடம்தான். ஜப்பானிய ஆய்வாளர்கள் கோபயாஷியும் கோஷிமாவும் 1997-இல் பல குரங்கினங்களின் கண்ணை ஒப்பிட்டுக் காட்டினார்கள். பெரும்பாலான இனங்களில் கருவிழியைச் சுற்றிய பகுதியும் பழுப்பாகவே இருப்பதால் கண் எந்தப் பக்கம் திரும்பியது என்று தெரிவதில்லை. மனிதர்கள் சேர்ந்து வேலை செய்ய வசதியாகத்தான் வெள்ளை வெளிப்பட்டது என்று ஒரு கருத்து உண்டு. ஆனால் சில சிம்பன்சிகளுக்கும் வெளிர்ந்த கண் இருப்பது பிற்பாடு பதிவாகியிருக்கிறது. அதனால் 'மனிதருக்கு மட்டுமே' என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை.

வெள்ளையை வெச்சுத்தான் படிக்கிறோம்னு எப்படி உறுதியா சொல்றீங்க?

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஓரக்கண்ணால் ஒரு பக்கம் பார்க்கும் முகத்தைப் போட்டோ எடுத்து, போனில் நிறங்களைத் தலைகீழாக்கும் வசதியைப் போடுங்கள். இப்போது வெள்ளை கருப்பாகவும் கருவிழி வெளுப்பாகவும் மாறியிருக்கும். படத்தில் உள்ளவர் எதிர்ப்பக்கம் பார்ப்பதுபோல் தோன்றும். நெகட்டிவ் என்று தெரிந்த பிறகும் தோற்றம் மாறாது.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பணியாற்றும் இந்திய விஞ்ஞானி பவன் சின்ஹா, நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட்டின் படத்தை வைத்து 2000-இல் இதைக் காட்டினார். 'கருப்பாக இருப்பது எதுவோ அதுதான் பார்க்கும் பகுதி' என்ற விதியை நம் மூளை அவ்வளவு ஆழமாக வைத்திருக்கிறது. வரைபவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கண்ணின் வெள்ளையில் ஒரு பக்கம் மட்டும் நிழலை அழுத்தமாகப் போட்டால், கருவிழியைத் தொடாமலே பார்வை நிழல் போட்ட பக்கம் நகர்ந்துவிடும். 'கருவிழியைச் சரியாகத்தான் வைத்தேன், ஆனால் எங்கேயோ பார்க்கிறார்' என்று கொண்டுவரும் படங்களில் நான் முதலில் தேடுவது அந்த நிழலைத்தான்.

ஒரே கண்ணைத்தான் காப்பி பண்ணினேன், ஆனா வேற பக்கம் பார்க்குதே. ஏன்?

தலையை வேறு பக்கம் திருப்பி வரைந்திருப்பீர்கள். இதை முதலில் முறையாகச் சொன்னவர் வில்லியம் ஹைட் வோலஸ்டன் என்ற ஆங்கிலேயர்; பல்லேடியம், ரோடியம் என்ற இரண்டு உலோகங்களைக் கண்டுபிடித்த வேதியியலாளர். 1824-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் கொடுத்த கட்டுரையில், ஒரே ஜோடிக் கண்களின் மேல் வெவ்வேறு மூக்கும் முகவாட்டமும் பொருத்திக் காட்டினார். கண் கொஞ்சமும் மாறவில்லை. ஆனால் ஒரு படத்தில் நம்மைப் பார்ப்பதுபோலவும் இன்னொன்றில் விலகிப் பார்ப்பதுபோலவும் இருக்கும்.

தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் பார்வையையும் இழுக்கும் என்று இதை வைத்துப் பலரும் மனப்பாடம் செய்கிறார்கள். பாதிதான் சரி. தலை திரும்பியிருக்கும் உண்மையான மனிதர் ஒருவர் கண்ணை மட்டும் நம் பக்கம் வைத்திருந்தால், அந்தக் கண்ணில் தெரியும் வெள்ளையின் அளவும் மாறுகிறது. அது பார்வையை எதிர்ப்பக்கம் தள்ளும். இந்த இழுப்பும் தள்ளலும் சேர்ந்துதான் கடைசித் தோற்றம் வருகிறது. தலை திரும்பிய முகங்களில் நம் கணிப்பு அதிகம் தவறுவதும் இதனால்தான்.

எங்க நின்னாலும் அந்தப் படம் என்னையே பார்க்குதே, அது எப்படி?

அரண்மனை, மியூசியம் எங்கே போனாலும் வழிகாட்டி ஒரு படத்தைக் காட்டி இதைச் சொல்லாமல் விடுவதில்லை. ஓவியரின் தனித்திறமை என்று நினைக்கிறோம். நேராகப் பார்க்கும்படி வரைந்த எந்தத் தட்டைப் படத்துக்கும் இது நடக்கும். ரேஷன் கார்டு போட்டோவுக்கும் நடக்கும்.

காரணம் இதுதான். உண்மையான மனிதர் முன் நீங்கள் இடம் மாறினால் அவருடைய ஒரு காது மறையும், மூக்கு ஒரு பக்கம் சாயும், கண்ணின் வெள்ளை மாறும். படத்தில் இவை எதுவும் மாறாது. இரண்டு காதும் சமமாகத் தெரியும்படி வரைந்தால், பக்கவாட்டில் போய் நின்றாலும் இரண்டு காதும் தெரியும். முகம் கொஞ்சம் ஒடுங்கும், அவ்வளவுதான். 'என் பக்கம் திரும்பிய முகம்' என்ற தடயம் அப்படியே நிற்பதால் நம்மையே பார்க்கிறது. முதல் உலகப்போரின்போது 1914-இல் பிரிட்டனில் வெளிவந்த போர் அமைச்சர் கிச்னர் பிரபுவின் படத்தில் நீட்டிய விரலும் எங்கே நின்றாலும் நம்மையே சுட்டுவது இதே காரணத்தால். விலகிப் பார்க்கும்படி வரைந்த படத்தை நீங்கள் எந்த மூலைக்குப் போனாலும் உங்களைப் பார்க்கவைக்க முடியாது என்பது இதன் மறுபக்கம்.

மோனாலிசா பெயரில் இதை அழைத்தாலும் மோனாலிசாவே நல்ல உதாரணம் இல்லை. ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் ஹார்ஸ்ட்மனும் லோத்தும் 24 பேரை வைத்து அளந்து 2019-இல் எழுதினார்கள்: அவள் பார்வை நமக்கு வலப்பக்கம் சுமார் 15 டிகிரி தள்ளிப் போகிறது.

சிலையும் அப்படித்தானே?

இல்லை. சிலை படம்போலத் தட்டையானது இல்லை; நீங்கள் நகர்ந்தால் மனித முகம்போலவே எல்லாம் மாறும். சன்னதியில் நேரே நின்றால்தான் நேர்ப்பார்வை கிடைக்கும். கருவிழி செதுக்காத சிலையில் தலையின் திசைதான் பார்வையின் திசை.

இன்டர்வியூவுல கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்றாங்க, எனக்குக் கூச்சம். மூக்கைப் பார்த்தா கண்டுபிடிச்சிடுவாங்களா?

கண்டுபிடிக்க மாட்டார்கள். கிப்சன் கணக்கில் வித்தியாசத்தைப் பிரித்தறியும் திறன் வந்தது. 'என்னைத்தான் பார்க்கிறார்' என்று மனம் ஏற்கும் பரப்பு அதைவிடச் சற்று அகலம். காமர், ஹெக்ட் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் அளந்தபோது அது கூம்பு வடிவில் 8, 9 டிகிரி அகலம் இருந்தது. ஒரு மீட்டர் தூரத்தில் அது சுமார் 15 செ.மீ.; கிட்டத்தட்ட ஒரு முகத்தின் அகலம். மூக்கு, புருவ நடு, வாய் எதைப் பார்த்தாலும் எதிரில் இருப்பவருக்குக் கண்ணைப் பார்ப்பதாகவே இருக்கும். கூச்சப்படும் பிள்ளைகளிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். பெரிய நிம்மதி அது.

சமூகப் பதற்றம், அதாவது நாலு பேர் முன்னால் போனாலே வரும் பதைப்பு, அதிகம் உள்ளவர்களுக்கு இந்தக் கூம்பு அகலமாக இருப்பதும் ஆய்வுகளில் தெரிந்தது. எல்லோரும் தன்னையே பார்ப்பதாக ஒருவர் சொன்னால் 'உனக்கு வேற வேலையில்லை' என்று தட்டிக்கழிக்காதீர்கள். அவருக்கு அப்படித்தான் தெரிகிறது.

கச்சேரியில பாடகர் என்னைப் பார்த்துத்தான் சிரிச்சார். பக்கத்துல இருந்த அக்காவும் அவங்களைப் பார்த்துத்தான் சிரிச்சார்னு சொல்றாங்க. யார் சொல்றது சரி?

இரண்டு பேருக்கும் அப்படித் தெரிந்தது உண்மை. மேலே போட்ட கணக்கை 10 மீட்டருக்கு நீட்டுங்கள். அந்தத் தூரத்தில் கருவிழி ஏறக்குறைய 3 மி.மீ. நகர்ந்தால்தான் நம் கண்ணுக்குப் பிடிபடும். அதற்குக் கண் 14 டிகிரி திரும்ப வேண்டும். உங்கள் வரிசையில் அது இரண்டரை மீட்டர். நாலைந்து நாற்காலிக்குள் இருக்கும் யாரைப் பார்த்தாலும் கண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

தெளிவாகத் தெரியாதபோது மனம் 'தெரியவில்லை' என்று நிற்காது. 'என்னைத்தான்' என்று நிரப்பிக்கொள்ளும். மாரெஷல், கால்டர், கிளிஃபர்ட் மூவரும் 2013-இல் இதைக் காட்டினார்கள். படத்தில் கண் பகுதியைப் புள்ளிபுள்ளியாகக் கலங்கவைத்தபோது, தங்களையே பார்ப்பதாகச் சொல்லும் பக்கம் மக்கள் அதிகம் சாய்ந்தார்கள். உண்மையிலேயே பார்ப்பவரைக் கவனிக்காமல் விடுவதைவிட, பார்க்காதவரைப் பார்ப்பதாக நினைத்துவிடுவது ஆபத்தில்லாத தவறு என்பது காரணமாக இருக்கலாம்.

பின்னாலிருந்து யாராவது பார்த்தா எனக்குத் தெரிஞ்சிடும். திரும்பினா நிஜமாவே பார்த்துக்கிட்டிருப்பாங்க!

இந்தக் கேள்விக்கு 1898-இலேயே டிட்சனர் என்ற உளவியலாளர் 'சயன்ஸ்' இதழில் பதில் எழுதினார். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு முதுகுப்பக்கம் இயல்பாகவே ஒரு உறுத்தல் இருக்கும். அசைவார், தலையைத் திருப்புவார். முன்னால் ஏதோ அசைந்தால் பின்னால் இருப்பவர் கண் தானாக அங்கே போகும். இவர் முழுதாகத் திரும்பும் நேரத்தில் இரண்டு பேர் கண்ணும் சந்திக்கும். பார்த்ததால் இவர் திரும்பவில்லை, திரும்பியதால் அவர் பார்த்தார். திரும்பியபோது யாரும் பார்க்காமல் இருந்த தடவைகள் நினைவில் தங்குவதே இல்லை.

பஸ்ல ஒருத்தர் என்னையே வெறிச்சுப் பார்த்தார். கேட்டா "நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்"ங்கிறார். நம்பலாமா?

நம்பக்கூடிய சூழ்நிலை உண்டு. கண் எந்தப் பக்கம் போகிறது என்பதை நன்றாகப் படிக்கும் நாம், எவ்வளவு தூரத்தில் போய் நிற்கிறது என்பதைச் சரியாகப் படிப்பதில்லை. அருகில் பார்க்கும்போது இரண்டு கண்ணும் மூக்குப் பக்கம் குவியும். அரை மீட்டரில் ஒவ்வொரு கண்ணும் மூன்றரை டிகிரி உள்ளே திரும்பும். 2 மீட்டர் என்றால் ஒரு டிகிரிகூட இல்லை. அதை எதிரில் இருப்பவரால் காண முடியாது. உங்கள் தோளுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால், உங்களைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதும் ஒன்றுபோலவே தெரியும்.

ஆனால் இந்தப் பதிலைச் சாக்காக எடுத்துக்கொள்ள நான் யாருக்கும் இடம் தரமாட்டேன். நீங்கள் இடம் மாறி உட்கார்ந்த பிறகும் அந்தப் பார்வை கூடவே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஜன்னல் கதைக்கு இடமில்லை. உங்கள் கணிப்பு சரி. கண்டக்டரிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

மாறுகண் இருக்கிறவங்ககிட்ட பேசும்போது எந்தக் கண்ணைப் பார்க்கணும்?

எந்தக் கண் உங்கள்மேல் நேராக நிற்கிறதோ அதை. சிலருக்குக் கண்கள் முறைமாற்றிப் பார்க்கும். அப்போது நீங்களும் மாற்றிக்கொள்ளலாம். குழப்பமாக இருந்தால் மூக்கின் மேற்பகுதியைப் பாருங்கள். இன்டர்வியூ பதிலில் சொன்ன காரணத்தால் அது போதும். திரும்பிப் பின்னால் பார்த்து 'என்னையா?' என்று மட்டும் கேட்காதீர்கள். அது எவ்வளவு காயப்படுத்தும் என்று அவர்களிடம் கேட்டிருக்கிறேன்.

குழந்தைக்கு இதெல்லாம் எப்போ தெரிய ஆரம்பிக்கும்?

ஆரம்பம் பிறந்த சில நாளிலேயே. 2 முதல் 5 நாள் வயதுள்ள குழந்தைகளுக்கு நேராகப் பார்க்கும் முகத்தையும் விலகிப் பார்க்கும் முகத்தையும் காட்டியபோது, நேர்ப்பார்வை முகத்தையே அதிக நேரம் பார்த்தன என்று ஃபரோனி குழுவினர் 2002-இல் எழுதினார்கள். அடுத்தவர் பார்வையைத் தொடர்ந்து போவது மெல்ல வரும். ஒரு வயதுக் குழந்தை, கண்ணைத் துணியால் கட்டியவர் தலையைத் திருப்பினாலும் அந்தப் பக்கம் திரும்பும். 14 மாதத்தில் அதைச் செய்வதில்லை. துணி கட்டினால் பார்க்க முடியாது என்று அதற்குள் புரிந்துவிடுகிறது!

கண்ணைப் பார்க்கவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று பயந்துவிடாதீர்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரும், கேட்டால் யார் எங்கே பார்க்கிறார் என்று சரியாகச் சொல்வார்கள். தானாகத் தொடர்வதுதான் குறைவாக இருக்கும். ஒன்றரை வயதாகியும் நீங்கள் காட்டும் பக்கம் திரும்பவில்லை, பெயர் சொன்னாலும் திரும்பவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாலு பேர் மேலே பார்த்தா நாமும் பார்க்கிறோமே?

பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம். உளவியலாளர் மில்கிராமின் குழுவினர் நியூயார்க் தெருவில் ஆட்களை நிறுத்தி ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடி ஜன்னலைப் பார்க்கவைத்தார்கள். 1969-இல் வெளியான கணக்குப்படி, ஒருவர் மட்டும் பார்த்தபோது வழிப்போக்கர்களில் 42 சதவீதம் பேர் மேலே பார்த்தார்கள். 15 பேர் பார்த்தபோது 86 சதவீதம். அந்த ஜன்னலில் விசேஷமாக எதுவும் நடக்கவில்லை.

வீடியோ கால்ல எதிர்ல இருக்கிறவர் கண்ணைத்தான் பார்க்கிறேன், ஆனா கீழே பார்க்கிற மாதிரியே தெரியுதாம்.

நீங்கள் பார்ப்பது திரையை, உங்களை எடுப்பது அதற்கு மேலே உள்ள கேமரா. தப்பிக்க வழி உண்டு. கேமராவுக்குக் கீழே பார்ப்பதை மக்கள் பக்கவாட்டு விலகல் அளவுக்குக் கண்டுபிடிப்பதில்லை என்று மில்டன் சென் 2002-இல் காட்டினார். சுமார் 5 டிகிரி வரை மன்னித்துவிடுகிறார்கள். எதிரில் இருப்பவரின் படத்தைச் சிறிதாக்கிக் கேமராவுக்கு நேர் கீழே இழுத்து வையுங்கள், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். ஓரத்தில் இருக்கும் இரண்டாவது திரையைப் பார்த்துப் பேசுவதுதான் மோசம்.

ரோடு கடக்கும்போது டிரைவர் கண்ணைப் பார்த்துட்டுக் கடந்தா போதும்தானே?

போதாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காமல் சொல்கிறேன். 20 மீட்டர் தூரத்தில் கண் 29 டிகிரி திரும்பினால்தான் நமக்குத் தெரியும். அதிலும் கண்ணாடியில் வெயில் அடித்தால் முகமே தெரியாது. கச்சேரிப் பதிலில் சொன்னபடி, தெரியாத இடத்தை 'என்னைப் பார்த்துவிட்டார்' என்று மனம் நிரப்பும். அங்கே அது ஆபத்தில்லாத தவறு; இங்கே உயிர் போகும். அப்புறம், கண் உங்கள்மேல் பட்டாலும் கவனம் படாமல் போகலாம்; பார்த்தும் உணராமல் மோதிய விபத்துகள் உண்டு. வண்டியின் வேகம் குறைகிறதா என்பதைப் பார்த்துக் கடந்து போங்கள்.

மிருகங்களுக்கும் நாம எங்கே பார்க்கிறோம்னு தெரியுமா?

சிலவற்றுக்குத் தெரியும். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட சோதனையில், முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் கடற்காகங்கள் உணவை எடுக்கத் தயங்கி நேரம் எடுத்துக்கொண்டன. முகத்தைத் திருப்பிக்கொண்டால் சீக்கிரம் வந்தன. 1980-களின் பிற்பகுதியில் சுந்தரவனக் காட்டுக்குள் போனவர்கள் தலையின் பின்பக்கம் முகமூடி கட்டிக்கொண்டதும் இந்த நம்பிக்கையில்தான். பின்னாலிருந்து பாயும் புலி, முகம் தன் பக்கம் இருப்பதாக நினைத்துத் தயங்கும் என்பது கணக்கு. கொஞ்ச காலம் பலன் கிடைத்ததாகச் சொன்னார்கள்.

இப்போ மெஷினே கண் எங்கே பார்க்குதுனு சொல்லிடுதாமே. அது நம்மளவிட எப்படிச் சரியா சொல்லுது?

அது தலையையும் ஊறுகாய் பாட்டிலையும் நம்புவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கண்மேல் அடித்து, அங்கே தோன்றும் சிறு மினுக்கத்துக்கும் கண்ணின் பாப்பாவுக்கும் (கருவிழியின் நடுவில் உள்ள கருப்பு வட்டம்) உள்ள இடைவெளியை அளக்கிறது. நல்ல கருவியில் பிழை ஒரு டிகிரிக்குள் இருக்கும்.

ஆனால் தொடங்கும் முன் உங்களைச் சில புள்ளிகளைப் பார்க்கச் சொல்லும், கவனித்திருப்பீர்கள். பார்வைக் கோடு பாப்பாவின் நடு அச்சிலேயே போவதில்லை. சுமார் 5 டிகிரி மூக்குப் பக்கம் விலகிப் போகிறது, அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். அதாவது நீங்கள் ஒன்றை நேராகப் பார்க்கும்போது கண்கள் உண்மையில் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியே நிற்கின்றன. இரண்டு கண்ணும் எதிரெதிராக விலகுவதால் சேர்த்துப் பார்க்கும் நமக்கு உறுத்துவதில்லை. முகம் வரையும்போது ஒரு கண்ணை முடித்துவிட்டு அடுத்ததைத் தனியாகச் சரிபார்க்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். இரண்டையும் ஒன்றாக வரைந்து, ஒன்றாகத் திருத்துங்கள்.